கற்பிக்கக் கற்றுக்கொண்டவர்: செப்டிமா கிளார்க்கும் குடியுரிமைப் பள்ளிகளும்

கல்வியின் வழியாக விடுதலை என்னும் கருத்து பேசப்படும்போதெல்லாம் நம் இறையியல் கல்லூரி வட்டங்களில் முதலில் நினைவுக்கு வருபவர் பவுலோ ஃப்ரெயிரி. பிரேசில் நாட்டின் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் 1963ஆம் ஆண்டு அவர் நடத்திய எழுத்தறிவு முயற்சியும், தாய்நாட்டை விட்டு நீங்கி வாழ்ந்த காலத்தில், 1970 முதல் 1980 வரை, ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் அவர் ஆற்றிய கல்விப்பணியும் நம்மில் பலர் அறிந்தவையே. ஆயினும், ஆங்கிகோசுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலக் கரையோரத் தீவொன்றில், மளிகைக் கடையின் பின்னறையில் தொடங்கிய ஒரு பள்ளியைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. அப்பள்ளிக்கு வித்திட்டவர் செப்டிமா பாயின்செட் கிளார்க் என்னும் பெண்மணி. பட்டறிவால் பழுத்த ஆசிரியை. மெதடிஸ்ட் திருச்சபையின் உறுப்பினர். அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகள்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை முழுமையாக எழுதுவது நம் நோக்கமன்று. ஓர் ஆசிரியை எவ்வாறு சமூக நீதிப் போராட்டத்திற்குள் வந்தார் என்பதையும், அப்போராட்டம் அவருடைய கற்பிக்கும் முறையை எவ்வாறு மாற்றியது என்பதையுமே இங்கு ஆராய முற்படுகிறோம். இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி ஒரு வெற்றி அன்று; அவரே தம் தோல்வி என ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்ச்சி. அதனைப் புரிந்துகொள்ள அவருடைய முதல் வகுப்பறையிலிருந்து தொடங்குவது நலம்.

1. தீவில் கற்ற பாடம்

செப்டிமா 1898ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தாய் பிறருடைய துணிகளை வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். உள்நாட்டுப் போருக்குப்பின் அமெரிக்க மிஷனரி சங்கம் கறுப்பின மக்களுக்கென அந்நகரில் நிறுவிய ஏவரி பள்ளியில் பயின்று, 1916இல் படிப்பை முடித்தார். மேற்படிப்புக்குப் பொருள் வசதி இல்லை. ஆசிரியர் தேர்வில் தேறியும் சார்ல்ஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் அவருக்கு இடமில்லை. கறுப்பினக் குழந்தைகள் பயின்ற நகரப் பள்ளிகளிலும் வெள்ளையரே ஆசிரியராயிருக்கலாம் என்பது அந்நாளைய ஏற்பாடு. ஆகவே பதினெட்டு வயதில் அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்றார்.

அங்கே அவர் கண்ட நிலை கொடியது. பலகைகளை நிறுத்தி அடித்த கட்டடம். பிளவுகளின் வழியே குளிர்காற்று புகும். 132 மாணவர்களுக்கு இரண்டே ஆசிரியைகள். அவர் நினைவுகூர்ந்தபடி, தலைமைப் பொறுப்பேற்ற அவருக்கு மாதம் 35 டாலர். உடனிருந்த ஆசிரியைக்கு 25 டாலர். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியைக்கோ 85 டாலர். அநீதி என்பது அவருக்கு நூல்களில் படித்த கருத்தன்று. மாதந்தோறும் கையில் எண்ணிப் பெற்ற கூலி.

ஆனால் அத்தீவு அவருக்கு அநீதியை மட்டும் கற்பிக்கவில்லை. அம்மக்கள் பேசியது ‘குல்லா’ எனப்படும் மொழி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர், ஆங்கிலச் சொற்களையும் ஆப்பிரிக்க மொழிகளின் போக்குகளையும் இணைத்து உருவாக்கிய மொழி அது. கற்றோர் அதனைச் சிதைந்த ஆங்கிலம் என எள்ளி நகைத்தனர். அரசு தந்த பாடநூல்களோ மிகச் சில. அவற்றின் உலகமும் அக்குழந்தைகளின் உலகமும் வேறு வேறு. செப்டிமா வேறொரு வழியை நாடினார். பள்ளிக்கு நடந்துவரும் பாதை, அதன் ஓரத்தில் வளரும் செடிகள், வானத்தில் தெரிபவை ஆகியவற்றைப் பற்றிக் குழந்தைகளையே கதை சொல்லச் சொன்னார். அவர்கள் சொன்னவற்றைச் சலவைக் கடைக் காகிதப் பைகளின்மீது எழுதிச் சுவரில் மாட்டினார். அவையே வாசிப்புப் பாடங்களாயின. தம் வாயிலிருந்து பிறந்த சொற்களைச் சுவரில் கண்ட குழந்தைகள், எழுத்து என்பது பிறருக்கு மட்டும் உரிய உடைமை அன்று என்பதை உணர்ந்தார்கள்.

மாலை வேளைகளில் பெரியவர்களும் வந்தார்கள். திருமறையை வாசிக்க விரும்பிய போதகர்களும், சங்கக் கூட்டங்களில் எழுந்து பேச விரும்பிய ஆண்களும் அவரிடம் எழுத்துக் கற்றார்கள். மனிதர் எதற்காகக் கற்க விரும்புகிறார்களோ அதுவே கற்பித்தலின் வாயில் என்னும் உண்மையை அவர் அன்றே தொட்டார். ஆயின் அவ்வுண்மையின் முழுப்பொருளை உணர அவருக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

2. வழக்கும் விண்ணப்பமும்

தீவிலிருந்து திரும்பித் தாம் பயின்ற ஏவரி பள்ளியிலேயே ஆசிரியையான செப்டிமா, கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காகப் போராடிய தேசியச் சங்கத்தில் சேர்ந்தார். நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தவேண்டும் என்னும் விண்ணப்பத்திற்காக வீடுவீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். 1920இல் அக்கதவு திறந்தது. அதே ஆண்டில் கடற்படையில் பணியாற்றிய நீரி கிளார்க்கை மணந்தார். ஐந்தே ஆண்டுகளில் கணவர் இறந்தார். கைம்பெண்ணாய், தம் ஒரே மகனைக் கணவரின் பெற்றோரிடம் வளரவிட்டு, மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

அங்கே சமஊதிய வழக்கு எழுந்தது. ஒரே தகுதியுடைய வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் ஊதியம் வேறுபடுதல் சட்டத்திற்கு முரணானது என்று தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதிட்டார். 1945இல் நீதிபதி வேரிங் ஆசிரியர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். இவ்வழக்கிற்காக உழைத்தவர்களுள் செப்டிமாவும் ஒருவர். இதனிடையே கோடை விடுமுறைகளிலும் மாலை வகுப்புகளிலும் பயின்று, 1942இல் இளங்கலைப் பட்டமும் 1946இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

இதுகாறும் அவர் நடந்த பாதை மனச்சான்றுள்ள எந்த ஆசிரியரும் நடக்கக்கூடிய பாதையே. பகலில் வகுப்பறை, மாலையில் சங்கப்பணி. கற்பித்தல் ஒரு தொழில், நீதிக்கான உழைப்பு மற்றொரு கடமை என்று அவை அருகருகே நின்றன. 1956ஆம் ஆண்டு இவ்விரண்டையும் மோதவிட்டது.

3. எழுநூற்று இருபத்தாறு மடல்கள்

வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது அரசியலமைப்பிற்கு முரணானது என 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் சினந்தெழுந்தன. அத்தேசியச் சங்கத்தின் உறுப்பினர் எவரும் அரசுப்பணியில் இருத்தலாகாது என 1956இல் தென் கரோலினா சட்டம் இயற்றியது. செப்டிமா தம் உறுப்பினர் நிலையை மறைக்க மறுத்தார். ஐம்பத்தெட்டாம் வயதில், நாற்பது ஆண்டு ஆசிரியப் பணிக்குப்பின், வேலையையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தார்.

அவர் தனியே துன்புற்றுச் சும்மா இருந்துவிடவில்லை. இச்சட்டம் நீதியற்றது எனக் குரலெழுப்புமாறு கறுப்பின ஆசிரியர்களுக்கு மடல்கள் எழுதிக் கையொப்பமிட்டார். மடல்கள் 726. மறுமொழி தந்தோர் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் காண உடன்வர இசைந்தோர் 11 பேர். குறித்த நாளில் வந்து நின்றோர் அவரையும் சேர்த்து ஐவர் மட்டுமே.

இத்தகைய நிலையில் நாம் என்ன செய்திருப்போம்? வராதவர்களைக் கோழைகள் என்று குறைகூறியிருப்போம். தனித்து நின்ற தீர்க்கதரிசிகளின் வரிசையில் நம்மையும் எண்ணிக்கொண்டிருப்போம். செப்டிமா அவ்வாறு செய்யவில்லை. இதனைத் தம் வாழ்வின் தோல்விகளுள் ஒன்றாகவே பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஆயத்தமில்லாதவர்களை ஆயத்தமாயிருப்பவர்களாகக் கருதித் தாம் தள்ளிவிட முயன்றதே பிழை என்று கண்டார். அம்மடல்கள் உண்மையை உரைத்தன. ஆனால் பெறுபவர்களின் அச்சம் என்ன, அவர்களை நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, எந்தப் படியில் அவர்கள் நிற்கிறார்கள் என்று ஒரு வினாவும் எழுப்பவில்லை. 1916இல் குழந்தைகளிடம் கேட்டுக் கற்பித்த அதே ஆசிரியை, 1956இல் பெரியவர்களிடம் கேளாமல் அறிவித்துவிட்டார்.

நீதியான கோரிக்கை தன் நீதியாலேயே மக்களை எழுப்பிவிடும் என்று நம்புவது சீர்திருத்தம் நாடுவோரின் பொதுவான மயக்கம். மனிதர் தம் உள்ளிருந்து ஆயத்தப்படவேண்டும். அந்த ஆயத்தம் கற்பித்தலால் வருவது. இதனை உணர்ந்த நாளிலிருந்து, நீதிப்போராட்டம் வேறு, கற்பித்தல் வேறு என்னும் பிரிவு அவருக்கு இல்லாதொழிந்தது.

4. கடையின் பின்னறை

வேலையிழந்த செப்டிமாவுக்குப் புகலிடமளித்தது டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் மக்கட்பள்ளி. அதனை 1932இல் நிறுவியவர்களுள் முதன்மையானவர் மைல்ஸ் ஹார்ட்டன். அவர் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் ரைன்ஹோல்ட் நீபூரிடம் பயின்றவர். டென்மார்க் நாட்டு மக்கட்பள்ளிகளை நேரில் கண்டு வந்தவர். தென்னாட்டில் சட்டமும் வழக்கமும் தடுத்த காலத்திலேயே, வெள்ளையரும் கறுப்பினத்தாரும் அங்கே ஒரே மேசையில் உண்டு ஒரே கூரையின்கீழ் தங்கினர். செப்டிமா 1954லேயே அங்கு முதன்முறையாகச் சென்றிருந்தார். 1955ஆம் ஆண்டுக் கோடையில் அவர் நடத்திய பயிற்சிக்கு வந்தவர்களுள் ஒருவர் ரோசா பார்க்ஸ் அம்மையார். சில மாதங்களுக்குள், டிசம்பர் 1ஆம் நாள், மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் அவரே.

செப்டிமாவைத் தொடர்ந்து ஹைலாண்டருக்கு வந்தவர் ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஏசா ஜென்கின்ஸ். தீவிலிருந்து நகருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச்செல்லும் பேருந்து ஒன்றை அவர் ஓட்டிவந்தார். தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமெனில் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக்காட்டவேண்டும். இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்கவேண்டும். ஆதலின் ஜென்கின்ஸ் அச்சட்டப் பகுதிகளைப் பேருந்திலேயே பயணிகளுக்குச் சொல்லித்தந்தார். ஆலிஸ் வைன் என்னும் பெண்மணி அவற்றைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பதிவும் பெற்றார். ஆனால் அவருக்கு மனப்பாடம் போதவில்லை. உண்மையாகவே வாசிக்கக் கற்றுத்தரவேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியே பள்ளியின் வித்து.

முதியோர் எழுத்தறிவு வகுப்புகள் அத்தீவில் அதற்குமுன் நடைபெறாமலில்லை. மக்கள்தாம் நிலைக்கவில்லை. வளர்ந்த ஆண்களும் பெண்களும் சிறுவர்களின் பெஞ்சுகளில் உடலைக் குறுக்கி அமரவேண்டியிருந்தது. சிறுவர்களுக்கான வாசகப் புத்தகமே அவர்கள் கையில் தரப்பட்டது. வராதவர்களுக்குக் கற்க மனமில்லை என்று கருதுவது எளிது. அவர்கள் மறுத்தது கல்வியையன்று, அவமதிப்பையே.

ஆகவே ஹைலாண்டர் கடனாகத் தந்த பணத்தைக்கொண்டு, தீவின் முன்னேற்றக் கழகத்தார் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினர். முன்னறையில் கூட்டுறவு மளிகைக் கடை. வெள்ளையரின் ஐயத்தைத் தவிர்க்கப் பின்னறையில் வகுப்பு. ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் செப்டிமாவின் உறவினர். முடி அலங்காரமும் தையலும் அவர் தொழில். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். தம்மால் இயலாதென அவர் தயங்கினார். ஆனால் செப்டிமாவும் ஹார்ட்டனும் அவரையே விரும்பினர். பட்டம் பெற்ற ஆசிரியர் மக்களைத் தாழ்வாக நோக்கக்கூடும். மாநிலத்தின் ஊதியத்தை நம்பி வாழ்பவருக்கு அச்சமும் இருக்கும். பெர்னிசுக்கோ கறுப்பின மக்களே வாடிக்கையாளர். அவரை வேலைநீக்கம் செய்ய எவராலும் இயலாது. பிறர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கமும் உண்டு.

1957ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் இரவு பதினான்கு பேர் வந்தனர். பெர்னிஸ் தொடக்கப்பள்ளிப் பாடங்களை எடுத்துச் சென்றிருந்தார். வந்தவர்களின் முகங்களைக் கண்டவுடன் அவை பயன்படா என உணர்ந்து ஒதுக்கிவிட்டார். தாம் ஆசிரியை அல்லவென்றும், எல்லாரும் சேர்ந்தே கற்போமென்றும் கூறி, அவர்கள் எதைக் கற்க விரும்புகிறார்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும். திருமறையை வாசிக்க வேண்டும். தொலைவிலிருக்கும் பிள்ளைகளுக்கு மடல் எழுத வேண்டும். அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தையும் பணவிடைத்தாளையும் நிரப்ப வேண்டும். வாக்காளராகப் பதிய வேண்டும் என்றனர். அப்பட்டியலே பாடத்திட்டமாயிற்று. மளிகை விலையும் உரத்தின் அளவும் கணக்குப் பாடமாயின. தடித்த அட்டையில் எழுதப்பட்ட தம் பெயரின்மீது பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கை பழகினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் சுவரில் ஒட்டப்பட்டது. அதனை வாசிப்பதே இறுதிக் குறிக்கோள். பலகையில் எழுதப்பட்ட பல பெயர்களுள் தம் பெயரை முதன்முறையாகத் தாமே அடையாளம் கண்டு சுட்டிக்காட்டிய 65 வயது மூதாட்டியைப் பெர்னிஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். பிறர் அழைக்கக் கேட்டே அறிந்திருந்த தம் பெயரை அன்று அவர் கண்ணால் கண்டார்.

வயல்வேலை குறைந்த குளிர்கால மாதங்களில், வாரம் இரு இரவுகள் அப்பள்ளி நடந்தது. மக்களின் உழவு நாள்களுக்கு ஏற்பவே பள்ளியின் நாள்காட்டி அமைந்தது. முதல் வகுப்பினர் வாக்காளர் பதிவு பெறத் தொடங்கியதும் அருகிலிருந்த வாட்மலா, எடிஸ்டோ தீவுகளிலிருந்தும் அழைப்பு வந்தது.

5. பரவலும் எதிர்ப்பும்

1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் காவல்துறையினர் ஹைலாண்டரில் புகுந்தனர். மது வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டில், மதுவைத் தொடாத செப்டிமா சிறைப்படுத்தப்பட்டார். ஈராண்டுகளுக்குள் அப்பள்ளியின் உரிமமே பறிக்கப்பட்டது. ஆனால் குடியுரிமைப் பள்ளிகள் மறையவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு 1961இல் அப்பணியை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்க மிஷனரி சங்கம் முற்காலத்தில் பள்ளி நடத்திய டார்செஸ்டர் நிலையம் பயிற்சிக்கூடமாயிற்று. செப்டிமாவோடு ஆண்ட்ரூ யங் என்னும் போதகரும் டாரதி காட்டன் அம்மையாரும் உழைத்தனர். தென் மாநிலங்களிலிருந்து உழவர்களும் தையற்காரர்களும் வீட்டுவேலை செய்தோரும் வந்து, சில நாள்கள் தங்கிப் பயிற்சி பெற்று, தத்தம் ஊர்களில் பள்ளி தொடங்கினர். சமையலறைகளிலும் அழகு நிலையங்களிலும் மரநிழல்களிலுமாக 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடைபெற்றதாகச் செப்டிமா குறிப்பிட்டுள்ளார். எழுத்தறிவுத் தேர்வைக் காட்டி வாக்குரிமை மறுக்கும் வழக்கத்தை 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் தடுத்தபோது, அச்சட்டத்தைப் பயன்படுத்த ஆயத்தமாயிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

இங்கு ஒரு குறையையும் நாம் மறைத்தலாகாது. ஊர்தோறும் புதிய தலைவர்களை எழுப்பிய இவ்வம்மையாருக்கு, போதகர்கள் நிறைந்த அவ்வியக்கத்தின் செயற்குழுவில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. பெண்ணொருவர் அக்குழுவில் ஏன் இருக்கவேண்டும் என்றே வினவப்பட்டது. எல்லா ஊர்வலங்களையும் கிங் ஒருவரே நடத்தாமல், அந்தந்த ஊராரைத் தலைவர்களாக உருவாக்கவேண்டும் என அவர் எழுதிய மடலைக் கேட்டுக் குழுவினர் நகைத்தனர். கிங்கின் தலைமையை அவர் ஆழ்ந்து மதித்தார். ஆயினும் பெண்களைச் செவிமடுக்காமை அவ்வியக்கத்தின் பெருங்குறை எனப் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். விடுதலை பேசும் திருச்சபைத் தலைவர்களும் செவிடராயிருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஓய்வுபெற்ற பின், 1975இல், சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மை வெளியேற்றிய கல்வித் துறையை நெறிப்படுத்தும் இடத்தில் அமர்ந்தார். பறிக்கப்பட்ட ஓய்வூதியம் 1976இல் வழங்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தாம் முதன்முதலில் கற்பித்த அதே ஜான்ஸ் தீவில் மறைந்தார். அவ்வாண்டிலேதான் ஹார்ட்டனும் ஃப்ரெயிரியும் ஹைலாண்டரில் அமர்ந்து நெடுநேரம் உரையாடினர். அவ்வுரையாடல் 1990இல் நூலாயிற்று. இரு வேறு நாடுகளில் ஒருவரையொருவர் அறியாமல் நடந்த பாதைகள் ஒன்றே என்பதை இருவரும் கண்டுகொண்டனர்.

6. கல்வியாளர் பின்னர் கண்டது

பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல் என இன்று கல்வியாளர் கூறுவது இத்தகைய பட்டறிவுகளிலிருந்து எழுந்ததே. கறுப்பினக் குழந்தைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்த எட்டு ஆசிரியர்களின் வகுப்புகளை ஆராய்ந்து, குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்னும் அறிஞர் 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். அதனையொட்டி அவர் வகுத்த அளவைகள் மூன்று. மாணவர் உண்மையாகவே கல்வியில் தேர்ச்சி பெறவேண்டும். தம் பண்பாட்டில் வேரூன்றியிருக்கவேண்டும். தம்மைச் சூழ்ந்துள்ள அநீதியை ஆராய்ந்தறியும் விழிப்புணர்வு பெறவேண்டும். ஜெனீவா கே என்பார் 2000இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மேலும் விரித்தது.

இம்மூன்றையும் பின்னறைப் பள்ளியோடு பொருத்திப் பார்ப்போம். அங்கு எவரும் குல்லா மொழியிலேயே நின்றுவிடவில்லை. அரசியலமைப்பின் கடின நடையை வாசித்துத் தேறினர். ஆனால் அதற்காகத் தம் பேச்சையோ பாடல்களையோ வாசலில் கழற்றிவைக்க வேண்டியிருக்கவில்லை. கற்ற எழுத்து அவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் முழுமை இராது. தேர்ச்சி இல்லாத பண்பாட்டுப் பெருமை மக்களை இருந்த இடத்திலேயே இருத்தும். பண்பாட்டை மதியாத தேர்ச்சி அவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கும். விழிப்புணர்வு இல்லாத இரண்டும் அநீதிக்கு நல்ல பணியாளரை ஆயத்தம் செய்யும். விழாவில் நாட்டுப்புற நடனம் ஒன்றைச் சேர்ப்பதோ, பாடநூலில் ஒரு படத்தை மாற்றுவதோ இக்கற்பித்தல் ஆகாது.

எள்ளி நகையாடப்பட்ட குல்லா மொழியில் புதிய ஏற்பாடு முழுவதும் 2005ஆம் ஆண்டு அச்சாகி வெளிவந்தது. சலவைக் கடைக் காகிதத்தில் ஏறிய சொற்கள் திருமறையின் பக்கங்களிலும் ஏறின.

7. எம்மாவு வழியில்

இறையியல் மாணவராகிய நாம் இவ்வரலாற்றை வாசிக்கும்போது லூக்கா 24ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் எம்மாவுக்குச் செல்லும் இருவருடன் இணைந்து நடக்கிறார். நடந்தது அனைத்தையும் அவர்களைவிட அவரே நன்கறிவார். ஆயினும் அவர் போதனையோடு தொடங்கவில்லை, வினாவோடு தொடங்குகிறார். அவர்கள் என்ன பேசிக்கொண்டு செல்கின்றனர் என்று கேட்கிறார். அவர்கள் வியந்து பதிலுரைக்க, மீண்டும் கேட்கிறார். ஏமாற்றமும் துயரமும் கலந்த அவர்களுடைய கதை முழுவதையும் கேட்ட பின்னரே வேதவாக்கியங்களை விளக்குகிறார். அந்த விளக்கம் மென்மையானதும் அன்று. அவர்களுடைய மந்த உள்ளத்தைக் கடிந்துகொள்கிறார். கேட்டல் என்பது கண்டிப்பைக் கைவிடுதல் அன்று. கண்டிக்கும் உரிமையைப் பெறும் வழி.

அவ்வரலாற்றின் முடிவும் கருதத்தக்கது. அவர்கள் கண்கள் திறந்தவுடன் ஆசிரியர் மறைந்துபோகிறார். மாணவர்களோ அந்நேரமே எழுந்து, அஞ்சி நீங்கிவந்த அதே எருசலேமுக்குச் சாட்சிகளாகத் திரும்புகின்றனர். தம்மைச் சார்ந்தே இருக்கும் மாணவரை உருவாக்குவதன்று, தாம் இல்லாதபோதும் எழுந்து நடக்கும் சாட்சிகளை உருவாக்குவதே கற்பித்தலின் நிறைவு. 726 மடல்களால் ஐவரைக் கூட்டிய செப்டிமா, பின்னர்க் கேட்கக் கற்று, தம் பெயரையே அறியாத ஊர்களிலும் ஆசிரியர்களை எழுப்பினார்.

இது நமக்கு அயலான செய்தியன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, போதிக்குமுன் சிறுவரோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவ்வாறு மாணவராக அமர்ந்து தொடங்கிய திருச்சபை, பின்னர் எப்போதும் ஆசிரியராகவே நிற்க விரும்பியதோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் ஞானோபதேசத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். அவர்களுடைய வினாக்களை நாம் கேட்டோமா? கூலிவேலை செய்து களைத்து வரும் பெற்றோரின் பேச்சைக் கொச்சை என்று நம் பள்ளிகளில் திருத்துகிறோம்; அப்பேச்சில் அடங்கிய அறிவை மதித்தோமா? நீதிக்காக நாம் நிறைவேற்றும் தீர்மானங்களும் அனுப்பும் சுற்றறிக்கைகளும் பல. அவற்றுக்கு மறுமொழி வராதபோது மக்களைக் குறைகூறுகிறோமா, அல்லது அவர்கள் நிற்கும் இடத்திற்குச் சென்று நம்மையே ஆராய்கிறோமா?

உண்மையை அறிந்திருப்பது ஆசிரியருக்கு இன்றியமையாதது. ஆயினும் அவ்வுண்மை மற்றவரின் உள்ளத்தில் வேரூன்றுவதற்கு, அவர் எதற்காகக் கற்க விரும்புகிறார் என்னும் எளிய வினா முன்செல்லவேண்டும். அவ்வினாவைத் தாழ்மையுடன் கேட்டு, வரும் விடைக்கு நம் பாடத்திட்டத்தை மாற்றவும் துணிவோமாயின், நம் வகுப்பறைகளும் ஆலயத்தின் பின்னறைகளும் எம்மாவு வழியின் ஒரு பகுதியாகும்.